காயம் ஏதுமில்லை என்று எழுதினேன்

பந்தலூர்ப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்று சொல்ல முடியாது. இரண்டு அறை, நாலு கட்டில், மேலே தகரம். டாக்டருக்கு மூன்று எஸ்டேட் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் வருவார், மற்ற நாளெல்லாம் நான்தான் எல்லாம். பிரசவம் பார்ப்பேன், தையல் போடுவேன், குடித்துவிட்டு வந்து நிற்கிறவனைத் திட்டி அனுப்புவேன். எனக்கு வாய் அதிகம். அதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விஷயத்தில் என் கை செய்த கெடுதலில் பாதியை என் வாயும் செய்தது.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டால் தேயிலைக்குள் கால் வைக்கிற இடமெல்லாம் அட்டை. நூல் மாதிரி வந்து ஒட்டும், ரத்தம் குடித்துப் பெருத்துத் தானாக விழும். கடிப்பது தெரியாது, வலிக்காது. ஆனால் அது விழுந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் ரத்தம் நிற்காது. கணுக்காலில் மட்டுமா? முழங்காலுக்கு மேலே ஏறும், இடுப்பில் ஏறும், சட்டைக்குள் போகும். வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தால்தான் தெரியும். பீடிக்கட்டுக் காகிதத்தைக் கிழித்து எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ரத்தக்கறை இல்லாத துணி உடுத்தினவர் எங்கள் எஸ்டேட்டில் மேனேஜர் ஒருத்தர்தான், அவரும் ஜீப்பை விட்டு இறங்காததால்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஊர் தெரியாதவள், வந்தவர்களுடைய அட்டைக்கடியை எல்லாம் ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, இதையெல்லாம் எழுதினா மாசத்துக்கு ஒம்பது ரிஜிஸ்டர் வேணும். அட்டைக்கடி கேஸே இல்லை. காயம்னு எழுதினா ஆபீஸ்ல லீவு கேட்பாங்க, அப்புறம் கொழுந்து பறிக்க யாரு போறது?" என்றார். அன்றோடு விட்டேன். பிறகு என் கண்ணே அதைப் பார்ப்பதை விட்டுவிட்டது. ரத்தம் வழிகிற காலைப் பஞ்சால் துடைத்துவிட்டு, "என்ன உடம்புக்கு?" என்று கேட்பேன். வந்தவரும் காய்ச்சல் என்பார், வயிற்றுவலி என்பார். காலைப் பற்றி இரண்டு பேரும் பேச மாட்டோம்.

எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அதில் அடுத்தடுத்த காம்பராவில் இரண்டு குடும்பம். காம்பரா என்றால் அவர்கள் பேச்சில் லயத்து வீடு, ஒரு அறையும் ஒரு அடுப்படியும். நடுவில் ஒரே சுவர். இரண்டு ஆண்களும் ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே முகாமில் இருந்தவர்கள். ஒருத்தர் கத்தியால் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். மற்றவர் மாடு வைத்திருந்தார். அந்த மாடு கவாத்துக்காரர் பின்பக்கம் போட்டிருந்த பீன்ஸ் கொடியை ஒரே மத்தியானத்தில் மேய்ந்து தீர்த்துவிட்டது. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லார் முன்னாலும் கவாத்துக்காரர், "இனி ஒன் மாடு இந்தப் பக்கம் வந்தா மாடும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட" என்று கத்திவிட்டார். பேசாத மனுஷன் கத்தினால் ஊரே ஞாபகம் வைத்துக்கொள்ளும். நானெல்லாம் மாத்திரை சாப்பிடாதவர்களிடம் நாளைக்கு நாலு தரம் "கொன்னு போடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருத்தருக்கும் நினைவிருக்காது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பேரும் விறகுக்குக் காட்டுக்குப் போனார்கள். சண்டை போட்டவர்கள் எப்படிச் சேர்ந்து போனார்கள் என்று பின்னால் ஊட்டிக் கோர்ட்டில் பெரிய கேள்வியானது. எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை. யானை நடமாடுகிற காட்டுக்குத் தனியாக யாரும் போக மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட முன்னும் பின்னுமாக, வாய் திறக்காமல் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவார்கள். அன்றைக்கு மழை வேறு. சாயங்காலம் கவாத்துக்காரர் மட்டும் விறகுக் கட்டோடு திரும்பினார். மூங்கில் வெட்ட ஓடைப்பக்கம் இறங்கினான், நான் முன்னாடி வந்துட்டேன் என்று சொன்னாராம். மறுநாள் காலையில் ஓடைக்கரைச் சேற்றில், பின்கழுத்தில் வெட்டோடு, மாட்டுக்காரரைக் கண்டெடுத்தார்கள்.

போலீஸ் கவாத்துக்காரரை வேலை செய்கிற இடத்திலேயே பிடித்தது. கூடலூருக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "இவன் உடம்புல காயம், கீறல் ஏதாச்சும் இருக்கான்னு பார்த்து எழுதிக் குடுங்கம்மா. சண்டை நடந்திருந்தா இருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பார்த்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, மார்பு, கை, கழுத்து, தலைமுடிக்குள் எல்லாம் பார்த்தேன். நல்ல வேலைக்காரி நான், ஒன்றையும் விட மாட்டேன். இரண்டு காலிலும் அட்டை கடித்த புள்ளிகள், பழசும் புதுசுமாக. இடுப்பில் இரண்டு. வலது கணுக்காலில் ஒன்று அப்போதுதான் விழுந்திருக்கும், ரத்தம் பாதம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து துடைத்துப் பஞ்சு வைத்தேன். "அது அட்டக்கடிங்கம்மா" என்றார் அவரே. என் கை அழுக்காகிறதே என்று கூச்சப்படுகிற குரல். "தெரியுதுங்க" என்றேன். பிறகு மேஜைக்கு வந்து, உடலில் காயம் ஏதுமில்லை என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து, ஆளைப் பார்க்காமலே, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

கவாத்துக்காரருடைய காம்பராவில் கொடியில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையையும் அரைக்கால் டவுசரையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. டவுசர் ஓரத்திலும் சட்டையின் இடுப்புப் பக்கத்திலும் ரத்தக்கறை இருந்ததாம். இருக்காதா பின்னே? அந்த லயத்தில் எந்தக் கொடியிலிருந்து எந்தத் துணியை எடுத்திருந்தாலும் இருந்திருக்கும். இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு இந்த யோசனை எனக்கும் வரவில்லை, லயத்தில் ஒரு ஜீவனுக்கும் வரவில்லை. ரத்தம் என்று போலீஸ் சொன்னதும் எல்லாருமே வெட்டுப்பட்டவருடைய ரத்தத்தைத்தான் நினைத்தோம்.

கேஸ் ஊட்டியில் நடந்தது. சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. காலை முதல் பஸ்ஸில் கூடலூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு இன்னொரு பஸ். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கோர்ட் வராந்தாவில் குளிரில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கூப்பிட்டார்கள். அரசாங்க வக்கீல், "பரிசோதனை செய்தபோது எதிரியின் உடம்பில் காயம் இருந்ததா?" என்று கேட்டார். எதிரி என்றால் கோர்ட்டுப் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவர். "இல்லைங்க." "சின்னக் கீறலாவது?" "இல்லைங்க." அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

கவாத்துக்காரர் பக்கத்து வக்கீல் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த வக்கீல், சின்ன வயசு, மலைக்குக் கீழே இருந்து வந்தவர். அட்டையை அவர் புஸ்தகத்தில்தான் பார்த்திருப்பார். என்னைப் பார்த்து, "நீங்க டாக்டர் இல்லையே, வெறும் நர்ஸ்தானே?" என்றார். வெறும் நர்ஸ்! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆமாங்க, நர்ஸ்தான். ஆனா பதினாலு வருஷ சர்வீஸுங்க. ஒரு ஊசி குத்தின தடம்கூட என் கண்ணுக்குத் தப்பாதுங்க" என்றேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்து அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் கூண்டை விட்டுப் பெருமையாக இறங்கினேன். எதிர்ப்பக்கம் நின்றிருந்த கவாத்துக்காரர் எனக்குக் கும்பிடு போட்டார், டிஸ்பென்சரிக்கு வரும்போது போடுகிற அதே கும்பிடு. இன்றைக்கு நினைத்தாலும் என் பெருமையைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. பார்த்த சாட்சி ஒருத்தரும் இல்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம்தான். அப்படியும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து கவாத்துக்காரர் மனைவி தீர்ப்பு நகலோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. மெட்ராஸுக்கு அப்பீல் போடுறாங்களாம். இதுல என்னா எழுதியிருக்காங்கன்னு நான் தெரிஞ்சிக்க வேணாமா?" என்றாள். மத்தியானம், நோயாளி யாரும் இல்லை. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து வாசித்தேன். தமிழில்தான் டைப் அடித்திருந்தது. மாட்டுச் சண்டை, மிரட்டல், சேர்ந்து போனது, தனியே திரும்பினது, கத்தி கழுவியிருந்தது என்று வரிசையாக வந்தது. பிறகு துணியில் இருந்த ரத்தம். அது மனித ரத்தம், இறந்தவருடைய அதே குரூப் என்று சோதனைச்சாலை சொல்லியிருக்கிறது. இவருக்கு என்ன குரூப் என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ரத்தம் பற்றி ஜட்ஜ் அவரையே கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பொய் என்று சொல்லு என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார் போல, "பொய்ங்க" என்றிருக்கிறார்.

அதற்கு அடுத்த வரியில் நான் இருந்தேன். பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் எதிரியின் உடலில் ஊசி குத்தின தடம்கூட இல்லை என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார், எனவே அந்த ரத்தம் எதிரியினுடையதாக இருக்க முடியாது, இறந்தவருடையதாகவே இருக்க வேண்டும், சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி முழுமையாகிறது என்று எழுதியிருந்தது.

ரத்தம் ஓடின அந்தக் கணுக்காலும், நான் வைத்த பஞ்சும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அட கடவுளே, துடைத்ததே நான்தானே!

"என்னாம்மா, நிறுத்திட்டீங்க?"

"எழுத்து மங்கலா இருக்கு அம்மிணி" என்றேன். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஆமாம், விட்டுவிட்டேன். அந்த ஏமாளிப் பெண், தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இது அப்படியொன்றும் பெரிய விஷயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மிரட்டினது உண்மை, சேர்ந்து போனது உண்மை, என் வரி இல்லாவிட்டாலும் தண்டனை கிடைத்திருக்கும் என்று சமாதானம் தேடினேன். நாலாம் நாள் லயத்துக்கே போய் அவளிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் மாவுக்கையோடு என்னையே பார்த்தாள்.

"அட்டக்கடியா? அத யாரும்மா சொல்லுவாக? அந்தச் சட்டையக் கொடியில போட்டதே நாந்தான். ரத்தம் இருந்திச்சு, பாத்தேன். தினம்தான் இருக்கு. போலீஸ்காரங்க வந்து கேட்டப்ப எனக்கும் அது ஞாபகம் வரலியே" என்றாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் செத்துப்போனவருடைய மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊட்டி வக்கீலிடம் போனேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை அன்னைக்குக் கூண்டுல சொல்லியிருந்தா கேஸே வேறம்மா" என்றார். "அன்னைக்கு நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்க" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவர்மேல் பழியைத் தள்ளப் பார்த்தேன் இல்லையா? அப்பீலோடு சேர்க்க ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, கூடலூரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கவாத்துக்காரர் காலிலும் இடுப்பிலும் அட்டைக்கடி இருந்தது, ரத்தம் வடிந்தது, எங்கள் வழக்கப்படி அதைக் காயமாக எழுதவில்லை என்று.

விஷயம் டாக்டர் காதுக்குப் போனது. "உங்களை யாரும்மா கேட்டா? என் கையெழுத்து இருக்கு அதுல. நான் பார்க்காமப் போட்டேன்னு ஊருக்குச் சொல்லணுமா?" என்று குதித்தார். அதற்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரைக்கும் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அது போகட்டும், அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது இன்னொன்று. செத்துப்போனவருடைய மனைவி ஒருநாள் பிள்ளைக்கு இருமல் என்று வந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அந்தாளுக்காகப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களாமே நர்ஸம்மா?"

"நான் கண்ணால பார்த்ததைத்தானுங்க எழுதினேன்."

"பாத்தத அப்பவே சொல்லியிருக்கலாமே? இவருதான் செஞ்சாருன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க, நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப இல்லைன்னா, நான் யாரத் திட்டுவேன்? எந்த மூஞ்சியப் பாத்தாலும் இவனா இருக்குமோன்னு பாக்கணுமா நானு?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

மெட்ராஸில் அப்பீல் தள்ளுபடியானது. வக்கீல் கடிதத்தில் காரணம் எழுதியிருந்தார். என் பத்திரத்தை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஊசித்தடம்கூடக் கண்ணுக்குத் தப்பாது என்று சத்தியத்தின்பேரில் சொன்ன ஒருத்தர், தண்டனைக்குப் பிறகு, குற்றவாளியின் மனைவியோடு பழகிக்கொண்டிருக்கிற நேரத்தில், ரத்தம் வடிந்ததைப் பார்த்தேன் என்று சொல்வது ஜோடித்த பேச்சு. பார்த்த சாட்சி இல்லாவிட்டாலும் சந்தர்ப்பங்கள் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன, தண்டனை சரிதான் என்று முடித்துவிட்டார்கள்.

இதை நான் எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். பார்த்த சாட்சி வேண்டும் என்று கேட்டால், யாரும் பார்க்காமல் நடந்த கொலைக்கெல்லாம் தண்டனையே இருக்காது. அதுவும் நியாயமில்லை. நானும் அப்படித்தான் வைத்தியம் பார்த்தேன். ஈரலைத் திறந்தா பார்த்தேன்? கண் மஞ்சள், மூத்திரம் மஞ்சள், பசி இல்லை, காமாலை என்று முடிவு பண்ணினேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. தப்பானால் மூன்றாம் நாள் ஆளே திரும்பி வந்து, "குணமாகலைங்கம்மா" என்று நிற்பார், மருந்தை மாற்றுவேன். கோர்ட்டில் அப்படித் திரும்பி வந்து நிற்க யாரால் முடியும்? நான் போய் நின்றேன். போ என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் குற்றம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சங்கிலியில் நான் போட்ட கண்ணி பொய் என்று மட்டும் தெரியும். மற்றதெல்லாம் உண்மையாகவே இருந்து, அவர்தான் வெட்டியும் இருக்கலாம். இப்படி நினைக்கிறபோதெல்லாம் மனசு கொஞ்சம் லேசாகும். லேசாகிறதே என்று உடனே என்மேலேயே அருவருப்பு வரும்.

தண்டனைக்குப் பிறகு ஆறாவது வருஷம் என் அக்கா மகன் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. கவாத்துக்காரர் மனைவி மாசம் ஒருதரம் அங்கே ஜெயிலுக்குப் போய் வருகிறவள். "வர்றீங்களாம்மா?" என்று கேட்டாள். ஆறு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் அவளோடு போனேன்.

நடுவில் கம்பி வலை, இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், சந்தை மாதிரி இரைச்சல். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "நல்லா இருக்கீங்களாம்மா? சர்க்கரை இருக்குன்னு இவ சொன்னா, பாத்துக்கிருங்க" என்றார். "நான் எழுதினது தப்புங்க. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன், அத்தனை பேருக்கு நடுவில். "அட நீங்க என்னாம்மா பண்ணுவீங்க. அட்டக்கடிய யாரு எழுதுறா" என்றார். அதில் குத்தல் ஒன்றுமில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கொண்டுபோயிருந்த சோப்பையும் ரொட்டியையும் வார்டரிடம் சோதனைக்குக் கொடுக்க அவள் அந்தக் கோடிக்குப் போனாள். நானும் அவரும் மட்டும் நின்றோம். அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, நீங்க அவரை வெட்டினீங்களா?"

கீழே பார்த்தார். வலைக்குள் விட்டிருந்த விரலை மெதுவாக வெளியே எடுத்தார். "இல்லைம்மா" என்றார். எவ்வளவு நேரம் கழித்து? நாலு மூச்சு இருக்கும். ஏன் கீழே பார்த்தார், ஏன் விரலை எடுத்தார், உண்மையானால் சட்டென்று வந்திருக்காதா, ஆறு வருஷம் உள்ளே இருந்த மனுஷனுக்கு எதுதான் சட்டென்று வரும் என்று என் மூளை தறிகெட்டு ஓடியது. சீ, நானும் அவர் முகத்தில் அடையாளம் தேடிக்கொண்டு நிற்கிறேனே என்று கூசிப்போனேன். மணி அடித்துவிட்டார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பர்லியார் தாண்டியது. பிறகு, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "நான் அந்தாண்ட போனப்ப அவருகிட்ட என்னமோ கேட்டீங்கல்ல?" என்றாள்.

"கேட்டேன்."

"அதத்தானே கேட்டீங்க?"

"அதைத்தான்."

"என்னா சொன்னாரு?"

"ஏன் அம்மிணி, நீ கேட்டதே இல்லையா? இத்தனை வருஷத்துல?"

"எப்பிடிம்மா கேக்குறது? பொண்டாட்டி கேட்டா, அவளே நம்பலைன்னு ஆயிருமே. முதல் மாசம் கேக்கலை. அதுக்கப்புறம் கேக்கவே முடியலை." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அன்னைக்கு வந்ததும் கத்தியக் கழுவுனாரும்மா. எப்பவும் கழுவுவாரு. அன்னைக்கும் கழுவுனாரு. அதையே நெனச்சிக்கிட்டு இருக்கேன். சொல்லுங்கம்மா, என்னா சொன்னாரு?"

"இல்லைன்னு சொன்னாரு."

"நீங்க நம்புறீங்களா?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் குனிந்ததும், அந்த நாலு மூச்சும் எனக்குள் அப்படியே இருந்தன. பக்கத்தில் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக ரொட்டியும் சோப்பும் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஏறினவள்.

"நம்பறேன் அம்மிணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பச் சரிம்மா. நீங்க சொன்னா நானும் நம்பிக்கிறேன்" என்றாள்.